நாவடக்கம்: பாளையங்கோட்டையில் ஒரு நாள் தியானக் கூட்டம், போகலாமா?

பாளையங்கோட்டையில் ஒரு சேகரத்தார் (ஒரு போதகரின் கீழ் உள்ள சபைகள்) நடத்துகிற ‘நாவடக்கம்’ ஒரு நாள் தியானத்துக்குப் போய்வந்தேன். போகலாமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மதியத்துக்கு மேல் நடந்ததற்காகவே தாராளமாகப் போகலாம், காலையில் நடந்ததைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். குறையும் சொல்லப்போகிறேன் என்பதால் சேகரத்தின் பெயரைப் போடவில்லை.

கட்டணம் 200 ரூபாய், சாப்பாடும் சேர்த்து. இடம் முருகன்குறிச்சி ஊசிக்கோபுரத்துக்குப் பக்கம், நடந்தே போய்விடலாம். சோறு, சாம்பார், அவியல், அப்பளம், மாலையில் காபியும் வடையும். குறை சொல்ல ஒன்றுமில்லை.

காலையில் பேசியவர் 1820-ல் ஜெர்மன் மிஷனரி ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்ததிலிருந்து தொடங்கி 1826-ல் கோயில் கட்டியது வரைக்கும் சொல்லி முடிக்கவே வெகுநேரம் ஆகிவிட்டது. இதெல்லாம் சண்டே ஸ்கூலிலேயே கேட்டதுதான். ஆனால் அதே ரேனியஸ் ஐயர் கதையில் அன்றைய தலைப்புக்கு வேண்டிய பகுதி ஒன்று இருக்கிறது, அதைத்தான் அவர் தொடவே இல்லை. ஆங்கிலிக்கன் சபை முறைகளை எதிர்த்து ஐயர் எழுதியது ஒரு புத்தகத்துக்கான மதிப்புரை. அதனால்தான் 1835-ல் அவரை அனுப்பிய சிஎம்எஸ் என்கிற ஆங்கிலிக்கன் மிஷனரி சங்கம் அவரை விலக்கியது, திருநெல்வேலிச் சபை இரண்டு பட்டது, 1838-ல் அவர் இறந்த பிறகுதான் அந்தப் பிளவு ஆறத் தொடங்கியது. மனதில் பட்டதை எழுதியது சரியா, பொறுத்திருக்க வேண்டுமா, வேறு விதமாக எழுதியிருக்கலாமா? இதை வைத்தே ஒரு மணி நேரம் பேசலாம். (நானும் இப்போது மதிப்புரைதான் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்பது நினைவில் இருக்கிறது.)

அப்புறம் வசனங்கள். நாவைப் பற்றிச் சொல்கிற யாக்கோபு நிருபம் மூன்றாம் அதிகாரத்திலிருந்து கடிவாளம், சுக்கான், நெருப்பு எல்லாம் வரிசையாக வந்தன. வசனத்தில் ஒரு குறையும் இல்லை, அவர் காட்டிய உதாரணங்களில்தான் இருந்தது. எடுத்ததெல்லாம் மாமியார், மருமகள், குழாயடி. பெண்கள் வாயைக் குறைத்தால் வீடு உருப்படும் என்கிற பழைய பாட்டுதான். திருமண்டல (பேராயரின் கீழ் உள்ள எல்லாச் சபைகளுக்குமான) நிர்வாகத் தேர்தல் வந்தால் நம் சபைகளில் யார் யாரைப் பற்றி என்னவெல்லாம் பேசுகிறார்கள், நோட்டீஸ் அடிக்கிறார்கள், வாட்ஸ்அப்பில் ஆடியோ விடுகிறார்கள் என்பது உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் தெரியும். அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. சபைக் கமிட்டிக்காரர்களில் ஒருவர்கூட வந்து உட்காரவில்லை, அது வேறு விஷயம்.

மதியம் ஓய்வுபெற்ற டீச்சர் அக்கா ஒருவர் வந்தார். மைக்கை ஓரமாக வைத்துவிட்டு நேரே அபிகாயிலுக்குப் போனார், 1 சாமுவேல் 25. சாப்பாடு கேட்டு ஆள் அனுப்பிய தாவீதை ‘தாவீது என்பவன் யார்?’ என்று அவள் புருஷன் நாபால் கேட்ட ஒரு கேள்விக்கு, தாவீதோடு 400 பேர் பட்டயத்தைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அபிகாயில் என்ன செய்தாள் என்று அக்கா ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினார்: 200 அப்பமும் சமைத்த ஐந்து ஆடும் அத்திப்பழ அடையும் முதலில் போகின்றன, பேச்சு பிறகு. கழுதையை விட்டு இறங்குகிறாள், பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறாள். ஆனால் உண்மையை முழுங்கவில்லை, வீணாக இரத்தம் சிந்தினால் பின்னாளில் உம் மனசு உறுத்தும் என்று தாவீதின் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறாள். வீட்டுக்கு வந்தால் புருஷன் குடித்துக் கிடக்கிறான், அன்றைக்கு ராத்திரி ஒன்றும் சொல்லாமல் விடிந்த பிறகு சொல்கிறாள். இத்தனை தடவை வாசித்திருக்கிறேன், அவள் காலைவரை காத்திருந்ததை நான் கவனித்ததே இல்லை.

அடுத்து இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து, வீட்டில் உண்மையிலேயே சொன்ன ஒரு வாக்கியத்தை எழுதி அதை மாற்ற வேண்டும். என் ஜோடி மெஞ்ஞானபுரத்துப் பெரியம்மா. மருமகளிடம் சொன்னதை எழுதினார்: ‘ஏம்மா, உங்க வீட்ல இதெல்லாம் சொல்லிக் குடுக்கலையா?’ மாற்றி எழுதியது: ‘ஆண்டவர் உனக்கு நல்ல புத்தி தரணும்னு ஜெபிக்கேன்.’ ஹாலே சிரித்தது. அக்கா மட்டும் சிரிக்காமல், “பெரியம்மா, இது முன்னதை விட வலிக்குமே, பாவம் அந்தப் பிள்ளையால திருப்பி ஒண்ணு சொல்லவும் முடியாதே” என்றார். ஜெபத்தை வைத்து அடிக்கிற இந்தப் பழக்கம் நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது! வீட்டு ஜெபத்தில் கண்ணை மூடிக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதையெல்லாம் ஆண்டவருக்கு ‘அறிவிக்கிற’வர்களை நான் பார்த்திருக்கிறேன். கடைசியில் பெரியம்மா எழுதியது: ‘குழம்புல புளி தூக்கலா இருக்கு, நாளைக்கு ரெண்டு பேருமா சேர்ந்து வைப்போமா?’

இதற்கெல்லாம் ஞானம் எங்கே கிடைக்கும் என்று ஒருவர் கேட்டார். அக்கா யாக்கோபு 1:5-ஐ வாசிக்கச் சொன்னார். கேட்டால் தேவன் கொடுப்பார், ‘ஒருவரையும் கடிந்துகொள்ளாதவர்’ என்று அங்கேயே இருக்கிறது. அதோடு விடாமல் நீதிமொழிகள் 26-ஐத் திறக்கச் சொன்னார். 4-ஆம் வசனம் மூடனுக்குப் பதில் கொடாதே என்கிறது, அடுத்த வசனமே கொடு என்கிறது. எந்த நாளில் எந்த வசனம் என்று தெரிவதற்குத்தான் கேட்கச் சொல்லியிருக்கிறது, வாயை மூடிக்கொண்டிருந்தால் மட்டும் போதாது என்றார். காலையில் கேட்டதற்கு இது அவர் சொன்ன பதிலா என்று தெரியாது, எனக்கு அப்படித்தான் பட்டது.

போகும்போது என் வாய்க்குக் காவல் வையும் என்று கேட்கிற சங்கீதம் 141:3 அச்சடித்த லேமினேட் அட்டை ஒன்று தருகிறார்கள், வேதாகமத்துக்குள் வைக்க அளவாக இருக்கிறது. எழுத்து கொஞ்சம் பொடிசு.

லெந்து நாட்களில் (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம்) மறுபடி வைக்கிறார்களாம். போகிறவர்கள் முன்வரிசையில் உட்காருங்கள், பின்னால் எதிரொலியில் பாதி வசனம் கேட்காது. கமிட்டிக்காரர் யாரையாவது கூட்டிக்கொண்டு போனால் அவருக்கான 200 ரூபாயை நானே கொடுத்துவிடுகிறேன்.