வெட்டலாமா, படரவிடலாமா: வயதான குடுவைச் செடியும் அதன் முதல் பூவும்

நெப்பந்திஸ் என்கிற, பூச்சி பிடிக்கும் குடுவைச் செடி வீட்டுக்கு வரும்போது உள்ளங்கை அகலத் தொட்டியில் ஒரு கைப்பிடி இலையாகத்தான் இருக்கும். உப்பில்லாத தண்ணீரும் ஈரக்காற்றும் நாலைந்து வருடம் தொடர்ந்து கிடைத்தால் அது கொடியாக மாறிவிடும். எங்களுக்குக் குலசேகரம் பக்கம். இரண்டு பருவமழையும் உண்டு, சுற்றிலும் ரப்பர் நிழல். இங்கே மிராண்டா என்ற என் கலப்பின நெப்பந்திஸ் ஏழாவது வருடத்தில் தகரக்கூரையைத் தொட்டுவிட்டது. உச்சியில் பத்துப் பன்னிரண்டு இலை பச்சையாக நிற்க, கீழே நாலடிக்குத் தண்டு வெறும் குச்சியாகக் கிடந்தது. நெப்பந்திஸ் வளர்க்கிற எல்லோருக்கும் ஒருநாள் இந்தக் காட்சி வரும். கத்தரியை எடுப்பதா, இன்னொரு கம்பு நட்டு மேலே ஏற்றுவதா?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கவாத்து செய்யத்தான் வேண்டும், ஆனால் முதல் பூவைப் பார்த்த பிறகு. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு இரண்டு வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

படரவிட்டால் என்ன கிடைக்கும்? மேல்குடுவை. நெப்பந்திஸ் தரையோடு இருக்கும்போது விடுகிற குடுவை வேறு, கொடியேறிய பின் விடுகிற குடுவை வேறு. கீழ்க்குடுவை குண்டாக இருக்கும், முன்பக்கம் இரண்டு சிறகு ஓடும், இலையையும் குடுவையையும் இணைக்கிற பற்றுக்கம்பி முன்னாலிருந்து வந்து சேரும். மேல்குடுவை மெலிந்து புனல் போல இருக்கும், சிறகு ஏறக்குறைய மறைந்துவிடும், பற்றுக்கம்பி பின்பக்கமாகச் சேரும். அந்தக் கம்பி வழியிலே ஒரு சுற்றுச் சுற்றிக் கிளையையோ கயிற்றையோ பிடித்துக்கொள்ளும். ராஃப்ளேசியானா என்ற இனத்தில் இந்த வேறுபாட்டைக் கண்ணால் பார்த்தால்தான் நம்ப முடியும். ஒரே கொடியில் கீழே தொந்தி விழுந்த குடம், மேலே ஒல்லியான ஊதல். அந்த இனத்தை மூன்றடியிலேயே வெட்டிக்கொண்டிருப்பவர் பாதிச் செடியைத்தான் பார்த்திருக்கிறார் என்பேன்.

எல்லா இனத்துக்கும் இது பொருந்தாது. ஆம்புல்லேரியா கொடியாக ஏறினாலும் மேலே குடுவை விடுவது அபூர்வம். அதன் அழகெல்லாம் தூரில் கொத்துக் கொத்தாக உட்கார்ந்திருக்கும் உருண்டைக் குடுவைகளில்தான். அதைத் தயங்காமல் வெட்டலாம். வெட்டினால் தூரிலிருந்து இன்னும் குருத்துகள் கிளம்பும். மிராண்டா இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. தரையோடு இருக்கும்போது ஒரு அடி நீளத்துக்குக் குடுவை தருகிற செடி, ஏற ஏற மெலிந்துகொண்டே போய், சில இலைகளில் குடுவையே இல்லாமல் வெறும் கம்பியோடு நின்றுவிடுகிறது. காற்றில் ஈரம் குறைந்த இடமென்றால் இது இன்னும் மோசம். மொட்டை மாடியிலும் பால்கனியிலும் வைத்திருப்பவர்களுக்குப் படரவிடுவதில் லாபம் கொஞ்சம்தான்.

சரி, வெட்டினால் என்ன ஆகும்? தண்டின் ஒவ்வொரு இலைக்கணுவிலும் ஒரு மொட்டு உறங்கிக்கொண்டிருக்கிறது. உச்சிக்குருத்து இருக்கும்வரை அதிலிருந்து இறங்கும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் அந்த மொட்டுகளை எழவிடாது. உச்சியை எடுத்துவிட்டால் மேலிருந்து இரண்டு மூன்று கணுக்கள் விழித்துக்கொள்ளும், சில சமயம் மண்ணுக்கடியிலிருந்தும் குருத்து வரும். புதுக்குருத்துகள் பழையபடி குண்டுக் குடுவைகளோடு தொடங்கும். ஒற்றைக் கொடியாக நீண்டது புதராக அடைந்துவிடும். வெட்டிய தண்டு வீணாவதில்லை. இரண்டு மூன்று கணு வீதம் நறுக்கி, இலைகளைப் பாதியாகக் கத்தரித்து, ஈரமான ஸ்பாக்னம் பாசியில் செருகி மூடிவைத்தால் ஒன்றரை, இரண்டு மாதத்தில் வேர் பிடிக்கும். குருத்து முதலில் எட்டிப் பார்க்கும், வேர் பிறகுதான் வரும். குருத்து வந்துவிட்டதே என்று அவசரப்பட்டுப் பிடுங்கிப் பார்க்காதீர்கள். இந்தச் செடியின் வேர் கறுத்த மெல்லிய நார் போன்றது, தொட்டால் முறியும்.

இதிலே நான் பட்ட அடி ஒன்று உண்டு. முதலில் வளர்த்த கொடியை மார்ச் மாதத்தில் வெட்டினேன். ஏழு துண்டு போட்டேன். வெட்டுமுகம் சிறிது நேரத்திலேயே கறுத்தது. அது இந்தச் செடிகளின் இயல்பு, அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் கோடைக் காற்றில் பத்தே நாளில் இலைகள் துவண்டன, ஐந்து துண்டுகள் அழுகின. தாய்த்தண்டில் ஒரு இலைகூட விடாமல் மொட்டையடித்திருந்ததால் அதுவும் ஆறு மாதம் அசைவில்லாமல் கிடந்து செத்தது. அன்றிலிருந்து இரண்டு விதி வைத்திருக்கிறேன்: ஜூனில் மழை பிடித்த பிறகுதான் கத்தரி, அடித்தண்டில் குறைந்தது நாலு நல்ல இலை. தூரில் ஏற்கெனவே பக்கக்குருத்து இருக்கிற செடியானால் இன்னும் தைரியமாக வெட்டலாம்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது, ஏனோ பலரும் அதைச் செய்வதில்லை. விண்பதியம். கொய்யாவுக்கும் மாதுளைக்கும் போடுகிற அதே பதியம்தான். உச்சியிலிருந்து ஐந்தாறு இலை தள்ளி, கணுவுக்குக் கீழே ஒரு விரல் அகலம் பட்டையைச் சுற்றி எடுத்துவிட்டு, பிழிந்த பாசியை உருண்டையாக வைத்து, பாலித்தீன் சுற்றி இரண்டு பக்கமும் கட்ட வேண்டும். இரண்டு மூன்று மாதத்தில் பாலித்தீனுக்குள் கறுப்பு வேர் ஓடுவது தெரியும். அப்புறம் அதற்குக் கீழே வெட்டினால் உச்சி தன் வேரோடு தொட்டிக்குப் போகும், துவளாது. தண்டுத்துண்டு போடுவதைவிடக் காலமும் கைவேலையும் அதிகம், ஆனால் இழப்பு மிகக் குறைவு. பெரிய, பழைய, இன்னொன்று கிடைக்காத கொடி என்றால் நான் இதைத்தான் செய்வேன்.

இனி பூவுக்கு வருகிறேன். குடுவைதான் பூ என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். குடுவை இலையின் நுனி. பூ தனியாக, வளர்ந்த கொடியின் உச்சியிலிருந்து நீண்ட தண்டில் வரும். பனையைப் போல இதிலும் ஆண் வேறு, பெண் வேறு. பூக்காமல் எது என்று சொல்லவே முடியாது. என் மிராண்டாவை விற்ற நர்சரியில் பெண் செடி என்று உறுதியாகச் சொல்லித்தான் தந்தார்கள். ஜாதிக்காய் வைத்திருக்கிற பக்கத்துவீட்டு மாமா அன்றைக்கே சிரித்தார்: “பூக்காம எப்பிடி மக்களே தெரியும்? எங்க ஜாதியும் அப்பிடித்தானே.” ஏழாவது வருடம் பூத்தது. ஆண்.

அந்தப் பூவைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். நான்கு சிறு மடல், பச்சையில் தொடங்கிப் பழுப்புச் சிவப்புக்குப் போகிற நிறம். மடலின் மேல் தேன் துளித்துளியாகப் பனித்திருக்கும், எறும்புகள் அதை விட்டு நகராது. நடுவில் ஒரு குட்டைக் காம்பு, அதன் தலையில் மகரந்தப்பைகள் ஒன்றாகச் சேர்ந்து கடுகளவு மஞ்சள் உருண்டை. பெண் பூவாக இருந்தால் அந்த இடத்தில் பச்சைச் சூலகம் பருத்திருக்கும். அடியிலிருந்து நுனிவரை வரிசையாக மலர்ந்து முடிய இரண்டு மூன்று வாரம் ஆகும். மணம் நன்றாக இருக்காது, இனிப்பும் பூசணமும் கலந்த ஒரு நெடி. வீட்டுக்குள் வளர்ப்பவர்கள் பூந்தண்டை நறுக்கிவிடுவதற்கு இந்த நெடியே பெரும்பாலும் காரணம்.

பூந்தண்டை விடுவதா, நறுக்குவதா என்பதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் என் பதில் வேறு. பூக்கிற காலத்தில் வருகிற இலைகள் சிறுத்து, குடுவை குறைவது உண்மை. ஆண் பூ உதிர்ந்ததோடு அந்தச் செலவு முடிந்தது. பூந்தண்டுக்குப் பக்கத்துக் கணுவிலிருந்து கொடி தொடர்ந்து வளரும். ஆணை முழுதாகப் பூக்க விடுங்கள். பெண் காய்த்துவிட்டால் காய் முற்ற மூன்று மாதத்துக்கு மேல்கூட ஆகும், சத்தெல்லாம் அங்கே போகும். மகரந்தம் கிடைக்க வழியில்லாத பெண் செடியில், பூவைப் பார்த்து அடையாளம் தெரிந்துகொண்ட பிறகு தண்டை எடுத்துவிடுவதில் தவறில்லை. செடி மெலிந்திருந்தால் கட்டாயம் எடுங்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மிராண்டா போன்ற கடைச் செடிகள் ஒரே தாயிலிருந்து திசு வளர்ப்பில் பெருக்கியவை. தண்டுத்துண்டும் பதியமும் அப்படித்தான், தாய் ஆண் என்றால் எல்லாமே ஆண். உங்களிடம் பத்து மிராண்டா இருந்தாலும் ஒரு விதை கிடைக்காது. 19ஆம் நூற்றாண்டில் லண்டன் வீச் நர்சரியினர் நெப்பந்திஸ் கலப்புகளை வரிசையாக உருவாக்கினார்கள் என்றால், ஆணும் பெண்ணும் ஒரே பருவத்தில் பூத்துக் கிடைத்ததால்தான். அவர்கள் உண்டாக்கிய மிக்ஸ்டா இன்றும் தோட்டங்களில் இருப்பதோ தண்டுத்துண்டுகளின் தயவில். வெட்டுவது இருப்பதைக் காப்பாற்றுகிறது, புதிதாக ஒன்று வேண்டுமானால் பூதான் தர வேண்டும்.

மேகாலயாவின் காசியானாவை எடுத்துக்கொண்டால் இது பொழுதுபோக்கு விஷயமாக இருக்காது. இந்தியாவின் ஒரே நெப்பந்திஸ் இனம் அது, காரோ மக்கள் மெமாங் கோக்சி, பேயின் கூடை, என்கிறார்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிற செடிகளில் அதுவும் ஒன்று. அருகிவரும் இனத்தைத் தண்டுத்துண்டால் மட்டும் பெருக்கினால் எண்ணிக்கை கூடும், வகை கூடாது. அங்கே ஆணையும் பெண்ணையும் பூக்க விட்டு விதை எடுப்பதுதான் சரி. விதையும் காத்திருக்காது. மயிரிழை போன்ற அது சில வாரங்களிலேயே முளைப்புத்திறனை இழக்கத் தொடங்கும், உடனே விதைத்தாக வேண்டும்.

என் மிராண்டா இந்த முறை பூத்தபோது மஞ்சள் பொடியை ஒரு வழவழப்பான காகிதத்தில் தட்டி, மடித்து, சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறேன். மார்த்தாண்டத்தில் ஒரு நண்பரின் ராஃப்ளேசியானா பெண் என்று போன வருடம் தெரிந்தது. அதன் உச்சியில் இப்போது ஒரு மொட்டுத்தண்டு விரலளவு நீண்டிருக்கிறது. சூலகத் தலை பளபளப்பாக ஒட்டும் பதத்துக்கு வந்ததும் கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறார். இங்கே கூரைக்குக் கீழே பாலித்தீனுக்குள் பதியம் வேர்விடுகிறது. மழை பிடித்ததும் வெட்டுவேன்.