பெட்ரோல் பிரஷர் வாஷர்: கழுவுவதில் கெட்டி, ஆயில் மாற்றுவதில் சள்ளை

தண்ணீர் அடிக்கும் வேலையில் இந்த மெஷினைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமே இல்லை. ஒன்றரை வருடமாக வைத்திருக்கிறேன். பாசி படிந்த தரை, சேறு அப்பிய டிராக்டர் சக்கரம், புகை ஏறிய சுவர் எல்லாம் பார்த்துவிட்டது. கயிற்றை இரண்டு இழுப்பு இழுத்தால் பிடித்துக்கொள்ளும். குறையெல்லாம் அதற்கு ஆயில் மாற்றக் குனியும்போதுதான் ஆரம்பிக்கிறது. எஞ்சினைத் தாங்கும் சட்டத்தை வடிவமைத்தவர் ஒரு நாள்கூடத் தன் கையால் இதற்கு ஆயில் மாற்றியிருக்க மாட்டார். எழுதியே கொடுக்கிறேன்.

எஞ்சின் 200 சிசிக்குப் பக்கம், நாலு ஸ்ட்ரோக். உள்ளே 10டபிள்யூ-30 ரக ஆயில் 600 மில்லி. முதல் மாற்றம் 20 மணி நேர ஓட்டத்தில், பிறகு 100 மணிக்கு ஒருமுறை என்று கையேடு சொல்கிறது. நான் 50-லேயே மாற்றிவிடுகிறேன், ஏனென்றால் இதில் ஆயில் ஃபில்டர் கிடையாது. பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடின் அடியில் இருக்கும் சின்னத் துடுப்பு ஆயிலை வாரி இறைப்பதுதான் மொத்த ஏற்பாடு. அழுக்கு உள்ளேயேதான் சுற்றும். முதல் 20 மணியில் வடித்த ஆயிலைத் தட்டில் வைத்து வெயிலில் சாய்த்துப் பார்த்தேன். கறுப்பின் மேல் மீன் செதிலைப் பொடித்துத் தூவியது போல ஒரு மினுக்கம். புது எஞ்சினில் பாகங்கள் ஒன்றோடொன்று தேய்ந்து இழையும்போது வரும் உலோகத் தூள். அதைப் பார்த்த பிறகு முதல் மாற்றத்தைத் தள்ளிப்போட யாருக்கும் மனசு வராது.

சரி, ஆயிலை வடிக்கக் கழற்றும் அந்த டிரெயின் போல்ட். அது நிற்பது சட்டத்தின் குழாய்க்கு நேர் மேலே, இரண்டு விரல் உயரத்தில். போல்ட்டைக் கழற்றியதும் ஆயில் குழாயில் மோதி இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை தட்டில் விழும், இன்னொன்று குழாயோடே வழிந்து சக்கர அச்சு வரை போய் அங்கே நிதானமாகச் சொட்டும். முதல் தடவை தரையில் பாதி, தட்டில் பாதி. இப்போது ஒரு பழைய ஷாம்பு பாட்டிலை நீளவாக்கில் கீறி, ஓடை மாதிரி வளைத்து, போல்ட்டுக்கு அடியில் செருகிவிடுகிறேன். சொட்டுக்கூட வெளியே போவதில்லை. இவ்வளவு பணம் வாங்கும் மெஷினோடு இப்படி ஒரு தகடு தரக்கூடாதா?

ஷாம்பு பாட்டில் யோசனை வருவதற்கு முன்னால் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். போல்ட்டே வேண்டாம், மெஷினைச் சாய்த்து ஆயில் ஊற்றும் வாய் வழியாகவே கொட்டிவிடலாம் என்று சாய்த்தேன். சாய்த்த பக்கம் தப்பு. கார்பரேட்டரும் ஏர் ஃபில்டரும் மேல்பக்கம் இருக்கும்படி சாய்க்க வேண்டும். நான் அவற்றைக் கீழே போட்டுவிட்டேன். ஃபில்டர் ஸ்பாஞ்சு ஆயிலைக் குடித்து ஊறிப் போனது. அது தெரியாமல் ஸ்டார்ட் செய்தால் வாசல் முழுக்க வெள்ளைப் புகை. உள்ளேயிருந்து அக்கா, “டேய், எதைடா கொளுத்துறே?” என்று கத்தினாள். ஸ்பாஞ்சைச் சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைத்து மாட்டியதும் சரியானது.

வழக்கமாக ஆயிலை வடிக்கும் முன் எஞ்சினைக் கொஞ்சம் ஓடவிட்டுச் சூடாக்கச் சொல்வார்கள். இளஞ்சூட்டில் இளகி ஓடும், அழுக்கும் கூடவே வரும். ஆனால் இதைச் சும்மா ஓடவிட முடியாது. தண்ணீர் இல்லாமல் ஓடினால் பம்பில் கசிவைத் தடுக்கும் சீல் கருகும். குழாயை மாட்டி, தண்ணீர் பீய்ச்சும் கன்னை அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் ஓட்ட வேண்டும். எதற்கு வம்பு என்று கழுவும் வேலை முடிந்த கையோடு, பிளக்கின் கேப்பைக் கழற்றி வைத்துவிட்டு, பத்து நிமிடம் ஆறவிட்டு வடிக்கிறேன்.

நடுவில் கையால் உறிஞ்சும் பம்பு ஒன்றும் வாங்கிப் பார்த்தேன். மெல்லிய குழாயை, ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப் ஸ்டிக்கின் வாய்க்குள் விட்டு இழுப்பது. கை அழுக்காகவில்லை, உண்மை. ஆனால் 600 ஊற்றியதில் 540 மில்லிதான் திரும்பி வந்தது. மிச்சம் அடியில், அந்த மினுக்கத் தூளோடு. ஆகவே ஒருமுறை உறிஞ்சினால் அடுத்த முறை போல்ட்டைத்தான் கழற்றுகிறேன். போல்ட்டைத் திரும்ப மாட்டும்போது அதற்கான வாஷர் வளையத்தைப் புதிதாகப் போட்டு அளவாக முறுக்குங்கள், எஞ்சின் உடம்பு அலுமினியம். மரை போனால் செலவு.

டிப் ஸ்டிக்கைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த எஞ்சினில் அதைத் திருகாமல், சும்மா உள்ளே வைத்து எடுத்துத்தான் அளவு பார்க்க வேண்டும். நான் திருகிவிட்டுப் பார்த்தேன். குச்சி ஆழமாக இறங்கியதால் ஆயில் நிறைய இருப்பதாகக் காட்டியது. உண்மையில் குறைவு. மறுநாள் எவ்வளவு இழுத்தும் ஸ்டார்ட் ஆகவில்லை. பிளக்கைத் துடைத்தேன், கார்பரேட்டரைக் கழற்றினேன், அரை நாள் போனது. ஆயில் குறைந்தால் எஞ்சினை ஓடவிடாத சென்சார் ஒன்று உள்ளே இருக்கிறது. 100 மில்லி ஊற்றியதும் ஒரே இழுப்பு.

பெரிய வருத்தம் பம்பு விஷயத்தில். இந்த மெஷினில் இரண்டு ஆயில் உண்டு. எஞ்சினுக்கு ஒன்று, தண்ணீர்ப் பம்புக்குத் தனியாக ஒன்று. கையேட்டில் இரண்டாவதைப் பற்றி ஒரே ஒரு வரி, அதுவும் படத்துக்கு அடியில் எறும்பு எழுத்தில். பெட்டியிலிருந்து எடுக்கும்போது பம்பின் தலையில் ஒரு மூடி இருக்கும். அது வழியில் ஆயில் சிந்தாமல் இருக்கப் போட்டது. அதைக் கழற்றிவிட்டு, கூட வரும் மூச்சுத் துளை உள்ள மூடியை மாட்ட வேண்டும். எனக்குத் தெரியாது. அந்தச் சின்ன மூடியை ஏதோ உபரி என்று டிராயரில் போட்டுவிட்டேன். பம்பு சூடேறி, உள்ளே அழுத்தம் கூடி, ஆயில் சீல் வழியாகக் கசிய ஆரம்பித்தது. 60-வது மணியில் பம்பின் கண்ணாடி வட்டத்தில் பார்த்தால் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் நிற்கிறது. சீல் போய்த் தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது. சீல் செட்டை மாற்றி, புது ஆயில் ஊற்றி, ஒரு மணி ஓட்டி, அதையும் வடித்து மறுபடி ஊற்றினேன். கண்ணாடியின் நடுப்புள்ளி வரை, அதற்கு மேல் வேண்டாம். இப்போது தெளிவாக இருக்கிறது.

வாரன்டியில் கேட்டதற்கு, “மூடியை மாத்தாதது உங்க தப்பு சார்” என்றார்கள். தப்புதான். அந்த மூடியில் ஒரு சிவப்புச் சீட்டு ஒட்டியிருந்தால் நடந்திருக்காது என்பதையும் சொல்லிவிட்டு வந்தேன்.

ஐந்துக்கு மூன்றரை. கழுவுவதற்கு மட்டும் என்றால் நாலரை. வாங்கப் போகிறவர்கள் கடையில் கன்னைப் பிடித்துப் பார்த்தால் போதாது, குனிந்து அடியையும் பாருங்கள். டிரெயின் போல்ட்டுக்குக் கீழே தட்டு வைக்க இடம் இருக்கிறதா, பம்பில் ஆயில் பார்க்கக் கண்ணாடி இருக்கிறதா, அல்லது ஆயிலே மாற்ற முடியாதபடி மூடிய பம்பா, சீல் செட் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். பெட்டியைப் பிரிக்கும்போது சின்ன மூடி எதுவும் மிஞ்சினால் டிராயரில் போட்டுவிடாதீர்கள்.