ஹார்ட் டிஸ்க்கா, கிளவுடா? சிறு நிறுவனத்தின் கணக்குக்கு எது காப்பு

ஈரோட்டில் நூல் வியாபாரம் செய்யும் ஒரு கடைக்கு நான் பல ஆண்டுகளாகக் கணக்கு எழுதி வருகிறேன். ஒரு திங்கட்கிழமை காலை அங்கே கணினியைத் திறந்தபோது எல்லாக் கோப்புகளின் பெயருக்குப் பின்னாலும் புரியாத நான்கு எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருந்தன. எந்தக் கோப்பும் திறக்கவில்லை. பணம் கேட்கும் குறிப்பு ஒன்று மட்டும் ஒவ்வொரு ஃபோல்டரிலும் புதிதாகக் கிடந்தது. "பேக்கப் இருக்கில்லீங்க?" என்று முதலாளி கேட்டார். இருந்தது. சிபியுவின் பின்புறத்தில் செருகி, ஒன்றரை ஆண்டாகக் கழற்றாமலே விட்டிருந்த ஹார்ட் டிஸ்க்கில் நீல விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்த நகல்களின் பெயர்களிலும் அதே நான்கு எழுத்துகள்.

அதன் பிறகு, பேக்கப்புக்கு எது நல்லது என்று யாராவது கேட்டால், விலையையும் கொள்ளளவையும் பேசுவதற்கு முன் நான் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன்: கணினிக்குள் புகுந்து, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேரின் கை அந்த நகலை எட்டுமா, எட்டாதா? ஹார்ட் டிஸ்க், கூகுள் டிரைவ் போன்ற கிளவுட் சேவை, அலுவலக நெட்வொர்க்கிலேயே இயங்கும், எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான சேமிப்பகமான நாஸ் பெட்டி ஆகிய மூன்றையும் இந்தக் கேள்வியை வைத்தே எடைபோடலாம்.

ஹார்ட் டிஸ்க்கின் வசதி வெளிப்படையானது. ஒரு முறை சில ஆயிரம் ரூபாய் கொடுத்தால் போதும். மாதக் கட்டணம் இல்லை. இணையம் இல்லாத நாளிலும் சில நிமிடங்களில் நகலெடுத்துவிடலாம். ஆனால் அதன் காப்பு முழுவதும் அதைக் கழற்றி வைப்பதில்தான் இருக்கிறது. செருகியிருக்கும் டிஸ்க், கணினியைப் பொறுத்தவரை, D, E போல இன்னொரு டிரைவ் எழுத்து மட்டுமே, ரான்சம்வேருக்கும் அவ்வளவுதான். இணைப்பில் இல்லாத நகலின் மதிப்புக்கு 2017 ஜூனில் உலகமே ஒரு சாட்சி பார்த்தது. நாட்பெட்யா என்ற தாக்குதலில் மேர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் நெட்வொர்க்கில் யார் நுழையலாம் என்பதைத் தீர்மானித்து அதைத் தாங்கும் டொமைன் கன்ட்ரோலர் சர்வர்கள் உலகெங்கும் அழிந்தபோது, கானா நாட்டு அலுவலகத்தில் இருந்த ஒன்று மட்டும் தப்பியது; காரணம், அந்த நேரத்தில் அங்கே கரண்ட் இல்லை. மின்வெட்டை நாம் திட்டியே பழகியவர்கள். அத்தனை பெரிய நிறுவனத்துக்கு அதுவே கைகொடுத்தது.

கழற்றிய டிஸ்க்கையும் அதே மேசை டிராயரில் பூட்டி வைப்பவர்களே அதிகம். திருடனும் தீயும் கணினியை மட்டும் தேடி வருவதில்லை. 2015 டிசம்பரில் சென்னையில் தரைத்தளங்களுக்குள் புகுந்த வெள்ளம், கணினி எது, நகல் எது என்று பார்க்கவில்லை. ஆகவே ஒரு டிஸ்க் வீட்டுக்குப் போக வேண்டும். வீட்டுக்குப் போகும் டிஸ்க் வழியில் பஸ்ஸில் தொலையவும் கூடும் என்பதால் அதை என்கிரிப்ட் செய்து, பாஸ்வேர்டு இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டியிருக்க வேண்டும். வாடிக்கையாளரின் ஆதார் நகலும் தொழிலாளரின் வங்கிக் கணக்கு எண்ணும் அதில் இருக்குமே. விண்டோஸ் ப்ரோ பதிப்பில் இதற்கான பிட்லாக்கர் இருக்கிறது. ஹோம் பதிப்பில் ஒரு டிஸ்க்கைப் புதிதாகப் பூட்டும் வசதி இல்லை.

கிளவுட் இந்த இடப் பிரச்சினையைத் தீர்க்கிறது. கழற்ற மறந்துவிடும் பிரச்சினையையும் தீர்க்கிறது. ஆனால் இங்கே ஒரு பெரும் குழப்பம் நிலவுகிறது. 'கணக்கு மென்பொருளான டேலியின் டேட்டா ஃபோல்டர் டிரைவில் சிங்க் ஆகிறது, எனவே பேக்கப் இருக்கிறது' என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். சிங்க் என்பது இங்கே நடப்பதை அங்கேயும் அப்படியே நடத்துவது: நல்ல கோப்பு மாறினால் அங்கேயும் மாறும், கெட்டுப்போனால் அங்கேயும் கெட்டுப்போகும். அப்போது கைகொடுப்பவை பழைய பதிப்புகள் மட்டுமே. சாதாரணக் கோப்புகளின் பழைய பதிப்புகளைக் கூகுள் டிரைவ் 30 நாள் அல்லது 100 பதிப்பு என்ற அளவில்தான் இயல்பாக வைத்திருக்கிறது; அவற்றையும் கோப்பு கோப்பாக மீட்டெடுப்பது ஆயிரக்கணக்கான கோப்புகள் உள்ள இடத்தில் நடக்கிற காரியமா? மைக்ரோசாஃப்ட் 365 சந்தா உள்ளவர்களுக்கு ஒன்டிரைவ் முழுவதையும் கடந்த 30 நாட்களில் ஒரு நேரத்துக்குப் பின்னோக்கித் திருப்பும் வசதி உண்டு. இந்த ஒரு விஷயத்தில் ஒன்டிரைவ் தெளிவாக முந்துகிறது.

டேலி திறந்திருக்கும்போது அதன் ஃபோல்டரை நேரடியாக சிங்க் செய்வது எனக்கு உடன்பாடில்லாத இன்னொரு பழக்கம். பாதி எழுதிய நிலையில் சில கோப்புகள் மேலே போய், மீட்டெடுக்கும்போது ஒன்றோடொன்று பொருந்தாமல் போகக்கூடும். டேலியிலேயே உள்ள பேக்கப் வசதியால் கோப்பை உருவாக்கி, தேதியைப் பெயராக இட்ட ஃபோல்டரில் வைத்து, அதை மட்டும் மேலே ஏற்றுவதே முறை. நூல் கடை போன்ற இடத்தில் இது சில நூறு எம்பிக்குள் அடங்கிவிடும்; கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபியே பல வாரங்களுக்குத் தாங்கும். அந்தக் கூகுள் கணக்குக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு இல்லையென்றால் பாஸ்வேர்டு தெரிந்த எவரும் எல்லா நகலையும் அழித்துவிடலாம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சிவகாசியில் ஆஃப்செட் அச்சகம் நடத்துபவருக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. 500 ஜிபி டிசைன் கோப்புகளை 20 எம்பிபிஎஸ் அப்லோடு வேகத்தில் ஏற்ற, இடைவிடாமல் ஏற்றினாலும், 55 மணி நேரத்துக்கு மேல் ஆகும். திரும்ப இறக்கும் நாளில் மெஷின் சும்மா நிற்கும். அவருக்கு ஹார்ட் டிஸ்க்தான் முதல் வழி.

நாஸ் பெட்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு டிஸ்க்குகளில் ஒரே தரவை எழுதுவதால் ஒன்று பழுதானால் மற்றொன்று நிற்கும். ஆனால் அது நெட்வொர்க்கிலேயே இருப்பதால் என் முதல் கேள்வியிலேயே தோற்கிறது. இணையத்தோடு இணைத்துவிட்டால் இன்னும் மோசம்: 2021 ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் பெட்டிகள் தொலைவிலிருந்தே துடைக்கப்பட்டன, 2022 ஜனவரியில் க்யூநாப் பெட்டிகளை டெட்போல்ட் ரான்சம்வேர் பூட்டியது. பத்துப் பேருக்குக் குறைவான அலுவலகத்துக்கு நான் இதைச் சொல்வதில்லை.

நூல் கடையில் இப்போது இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள், சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியது ஒன்று, பச்சை ஒட்டியது ஒன்று. சனிக்கிழமை கடை சாத்தும்போது ஒன்று முதலாளியோடு வீட்டுக்குப் போகிறது, மற்றொன்று திங்களன்று திரும்பி வருகிறது. தினசரி பேக்கப் கோப்பு கிளவுடுக்கும் ஏறுகிறது. அது உரிமையாளர் ஒருவரே நடத்தும் கடை. பிரைவேட் லிமிடெட் நிறுவனமாக இருந்திருந்தால் கணக்குப் புத்தகங்களின் பேக்கப்பை இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் வைக்க வேண்டும் என்ற 2022 ஆகஸ்ட் விதித்திருத்தமும் சேர்ந்துகொள்ளும். அப்போது வெறும் ஹார்ட் டிஸ்க் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இந்த ஏற்பாட்டின் மூன்றாவது வாரத்தில், பச்சை டிஸ்க்கிலிருந்த நகலை என் லேப்டாப்பில் மீட்டெடுத்து, முந்தைய நாள் அச்சிட்ட கையிருப்புத் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். தொகை பொருந்தவில்லை. தேதியைப் பார்த்தபோது கடைசிப் பதிவு மார்ச் 31 என்றிருந்தது. கடைப் பையன் மூன்று வாரமும் ஒரு நாள் தவறாமல், போன நிதியாண்டின் 'கம்பெனி'யை, அதாவது டேலியில் அந்த ஆண்டுக்கான கணக்குத் தொகுப்பைத்தான் பேக்கப் எடுத்திருந்தான்.