கலவட்ட ஆய்வுக்கான ரெடிமேட் பிஐ–ஆர்.என்.ஏஸ் சாயம்: மட்டக்களப்பு வெக்கைக்குத் தாங்குமா?

கலம் பிரியும் சுற்றில் எந்தக் கட்டத்தில் நிற்கிறதென்று, அதன் டி.என்.ஏ. அளவை வைத்துப் பாய்வுக் கலமானியில் (flow cytometer) பார்ப்பதே கலவட்ட ஆய்வு. பிஐ (propidium iodide) டி.என்.ஏ.யில் ஒட்டி ஒளிரும் சாயம்; ஆர்.என்.ஏஸ் ஆர்.என்.ஏ.யை உடைக்கும் நொதியம். இரண்டும் கலந்து வரும் இந்தச் சாயத்தில் குறையில்லை. ஒரு மில்லியன் கலத்துக்கு அரை மில்லிலீற்றர், இருட்டில், 37 பாகையில் 30 நிமிடம். ஆர்.என்.ஏஸ் சேர்ந்தே வருவதால் ஆர்.என்.ஏ.யும் சாயமேறி வரைபின் உச்சிகள் அகலும் தொல்லை இல்லை. ஆனால் 2–8 பாகையில் வைக்கவேண்டிய பொருள். கொழும்பிலிருந்து பஸ் பார்சலில் வெறும் பெட்டியாக எடுப்பிக்காதீர்கள், ஐஸோடு அனுப்பச் சொல்லுங்கள்.

பலன் நாளுக்கொன்றாக மாறினால் முதலில், சாயமேற்றுமுன் கலங்களை எதனோலில் பதப்படுத்தும் படியைத்தான் பாருங்கள். குளிர்ந்த 70 சதவீத எதனோலைச் சுழற்றியபடியே கலங்களைத் துளித்துளியாக விடாவிட்டால் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இரண்டு ஜி1 கலம் (டி.என்.ஏ. இரட்டிக்குமுன் உள்ளது) ஒரு ஜி2 (இரட்டித்தது) போலவே எண்ணப்படும். சமிக்ஞையின் பரப்பு–அகல வரைபில் இந்த ஒட்டிய இரட்டைகளை நீக்குங்கள். கலமானியில் ஓட்டவேகம் குறைவாக, அளவிடை நேர்கோட்டில் (மடக்கையில் அல்ல) இருக்கட்டும். ஜி1 உச்சியின் மாறற்குணகம் (CV, உச்சி எவ்வளவு அகன்றது என்பதன் அளவு) 8 சதவீதத்தைத் தாண்டினால் அந்த மாதிரியை நம்பவேண்டாம்.

விலைதான் கொஞ்சம் கூட. மில்லிலீற்றருக்கு 50 மைக்கிரோகிராம் பிஐ என்று தாங்களே கலக்கத் தெரிந்தவர்களுக்கு இது தேவையில்லை.