சின் மிங்கில் மாமா காருக்கு கியர் ஆயில் கூலர்

பெர்த்திலிருந்து சிங்கப்பூர் வந்தால் வழக்கமாகப் பல் டாக்டர், மூக்குக் கண்ணாடி என்று அலைவேன். இந்த முறை மாமாவின் காரும் சேர்ந்துகொண்டது. பத்து வருட சிஓஇ (சிங்கப்பூரில் கார் வைத்திருப்பதற்கான உரிமச் சான்று) முடிந்து, மேலும் ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்திருக்கிறார். ஐந்து வருடப் புதுப்பிப்பை இன்னொரு முறை நீட்டிக்க முடியாது. அதுவரை கியர்பாக்ஸ் தாக்குப்பிடித்தால் போதும். ஆனால் ஜொகூர் பாலத்து ஜாமில் ஊர்ந்துவிட்டு மலேசியாவின் கெந்திங் மலை ஏறும்போதெல்லாம் கியர் மாறுகையில் ஒரு வெட்டு.

கியர்பாக்ஸ் ஆயிலின் சூட்டைக் காற்றில் தணிக்கும் கூலர் ஒன்றைப் போடலாம் என்று கிளம்பினோம். வீட்டுக்குப் பக்கத்துக் கடைக்காரர் அரை மணியில் அதை மாட்டித் தருவதாகச் சொன்னார். எப்படி என்று கேட்டால், ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரின் தகடுகளுக்குள் பிளாஸ்டிக் டையைக் கோத்து இழுத்துக் கட்டுவாராம்! அதிர்வில் உரசி உரசி கண்டென்சர் ஓட்டையாகிவிடும். வேண்டாம் என்று வந்துவிட்டோம்.

கார் பட்டறைகள் நிறைந்த சின் மிங்கில் கிடைத்தவர் ஜொகூரிலிருந்து தினமும் வேலைக்கு வரும் தம்பி. “கூலர் இருக்கட்டும் அங்கிள், ஆயில் எப்ப மாத்துனீங்க?” என்றார். மாத்தவே வேண்டாம் என்று சொல்லித்தான் விற்றார்கள் என்றார் மாமா. தம்பி ஒரு சொட்டை டிஷ்யூவில் விட்டுக் காட்டினார். சிவப்பாக இருக்க வேண்டியது வறுத்த கோப்பித்தூள் நிறத்தில் பரவியது, கருகிய வாடை வேறு. அப்புறம்தான் கூலர் பேச்சே வந்தது. எனக்கு அந்த வரிசை பிடித்திருந்தது.

முன் பம்பரைக் கழற்றி, கண்டென்சருக்கு முன்னால் சின்ன இடைவெளி விட்டு, இரும்புப் பட்டையில் கூலரை போல்ட் போட்டார். சூடான ஆயில் முதலில் ரேடியேட்டருக்குள் இருக்கும் பழைய கூலருக்குப் போகும். அங்கிருந்து கியர்பாக்ஸுக்குத் திரும்பும் குழாயில்தான் புதியதை இணைக்க வேண்டும். பாதிச் சூட்டை ரேடியேட்டரே இறக்கிவிட்டால் மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொள்ளும். ஹோஸும் கியர் ஆயிலுக்கென்றே வருவது. சாதாரண ரப்பர் ஹோஸ் அந்தச் சூட்டில் நாளடைவில் இறுகி வெடித்துவிடும்.

நேரம் பிடித்தது ஆயில் அளவு பார்ப்பதில்தான். இந்த கியர்பாக்ஸில் டிப்ஸ்டிக் கிடையாது. இஞ்சினை ஓடவிட்டு, எல்லா கியரையும் ஒரு சுற்று மாற்றி, ஸ்கேனரில் ஆயில் சூடு கம்பெனி சொன்ன அளவைத் தொட்டதும் அடியில் உள்ள அளவு போல்ட்டைத் திறந்தார். கம்பி போல் ஒழுகியது சொட்டாக மாறியதும் மூடினார். பெர்த்தில் கேரவன் இழுப்பவர்கள் சர்வசாதாரணமாக கூலர் போடுவார்கள். ஆனால் இந்தக் கடைசி வேலையை இவ்வளவு பொறுமையாக யாரும் செய்து நான் பார்த்ததில்லை.

கூலி சின் மிங்குக்குக் கொஞ்சம் கூடத்தான். ஆயில், ஹோஸ், கிளாம்ப் எல்லாம் பில்லில் தனித்தனியாக இருந்ததால் மாமா முணுமுணுக்கவில்லை. அடுத்த முறை பாலம் தாண்டிப் போய் வந்ததும் கிளாம்புகளைத் திரும்ப இறுக்க வரச் சொல்லியிருக்கிறார் தம்பி, அதற்குக் காசு இல்லை. சின் மிங்குக்குக் காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் அங்கே வண்டி நிறுத்த இடம் தேடியே பொழுது போய்விடும்.