‘முழு ரூட் அதிகாரம்’ என்று நம்பி 6,800 ரூபாய் கட்டினேன். விபிஎஸ் வாங்குகிறவர்கள் கவனியுங்கள்

விபிஎஸ் ஒன்று வாங்கினேன்; பெரிய சர்வரைப் பங்குபோட்டு வாடகைக்குத் தரும் மெய்நிகர் சர்வர் அது. ஓர் ஆண்டுக் கட்டணம் 6,800 ரூபாய். மொத்தமாகக் கட்டியாயிற்று. விபிஎன் (இணையத்தின் வழியே போடும் தனிப்பட்ட, பாதுகாப்பான இணைப்பு) ஓடாத சர்வர்தான் கையில் இருக்கிறது. பணம் திரும்பாது என்று இன்று காலை கைவிரித்துவிட்டார்கள்.

மலிவு விலையில் விபிஎஸ் விற்கும் இணையதளம் அது. வாங்கும் முன்பே அரட்டையில் தெளிவாகக் கேட்டேன்: “இரண்டு கிளைகளை இணைக்க விபிஎன் நிறுவ வேண்டும், முடியுமா?” உடனே பதில் வந்தது: “தாராளமாக, சார். முழு ரூட் அதிகாரம் தருகிறோம், எதை வேண்டுமானாலும் நிறுவிக்கொள்ளுங்கள்.” அந்த வரியை நம்பித்தான் கட்டினேன். ரூட் என்றால் சர்வரின் முழு நிர்வாகி உரிமை.

ஓப்பன்விபிஎன் என்ற விபிஎன் மென்பொருளை இயக்கியதும், டன் சாதனத்தை (விபிஎன் தரவு போய்வரும் மெய்நிகர் நெட்வொர்க் சாதனம்) திறக்க முடியவில்லை என்று நின்றுவிட்டது. /டெவ்/நெட்/டன் என்ற கோப்பே அங்கு இல்லை. கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) மாட்யூல் என்ற துணைப் பகுதியை ஏற்றும் மாட்புரோப் கட்டளையைக் கொடுத்தால், மாட்யூல் இல்லை என்கிறது. மாட்யூல்கள் இருக்க வேண்டிய /லிப்/மாட்யூல்ஸ் காலி. எந்த வகை மெய்நிகர் சர்வர் என்று காட்டும் சிஸ்டம்டி-டிடெக்ட்-விர்ட் கட்டளையை இட்டதும் ஒரே சொல் வந்தது: ஓப்பன்விஇசட். எனக்கென்று தனிக் கெர்னலே கிடையாது! அந்த இயந்திரத்தில் குடியிருக்கும் அத்தனை பேருக்கும் ஒரே கெர்னல். மாட்யூல் ஏற்றும் உரிமை வீட்டுக்காரருக்கு, அதாவது சர்வரை விற்றவர்களுக்கு, மட்டும். எம்க்நோட் கட்டளை கொண்டு அந்த டன் கோப்பை நானே உருவாக்கினாலும் அவர்கள் அனுமதிக்காமல் அது வேலை செய்யாது. வயர்கார்டு என்ற வேறு விபிஎன்னுக்கு மாறலாம் என்றால், அது லினக்ஸ் கெர்னலுக்குள் சேர்ந்ததே 2020-இல், 5.6 பதிப்பில்தான். இங்கே ஓடுவது 3.10.

டன்னைத் திறந்துவிடுவது அவர்கள் பக்கத்தில் ஓரிரு கட்டளை வேலை. அதைத்தான் கேட்டேன். முதலில் “ரீபூட் செய்யுங்கள்” என்றார்கள். பிறகு “இயங்குதளத்தை மறுபடி நிறுவுங்கள்” என்றார்கள். நிறுவினேன், இருந்த தரவும் போனது. அடுத்து “உங்கள் திட்டத்தில் இந்த வசதி இல்லை, கூடுதல் பணம் கட்டி கேவிஎம்முக்கு மாறுங்கள்” என்றார்கள். கேவிஎம் வகையில் ஒவ்வொருவருக்கும் தனிக் கெர்னல் உண்டு. அரட்டையின் படத்தை அனுப்பினேன். “விற்பனைப் பிரிவு சொன்னதற்குத் தொழில்நுட்பப் பிரிவு பொறுப்பல்ல” என்று பதில். இப்படி இழுத்தடித்துவிட்டு, பணம் திரும்பக் கேட்கும் கெடு முடிந்துவிட்டது என்கிறார்கள். கெடுவைத் தின்றதே அவர்களுடைய பதில்கள்தான். 6,800 ரூபாய்!

வாங்குகிறவர்கள் கேவிஎம்மா, ஓப்பன்விஇசட்டா என்று எழுத்தில் கேளுங்கள். ‘ரூட் உண்டு’ என்பது அதற்குப் பதில் ஆகாது. ‘டன் உண்டா?’ என்று பெயர் சொல்லியே கேளுங்கள். முதல் மாதத்துக்கு மேல் முன்பணம் கட்டாதீர்கள். அரட்டையைப் படமெடுத்து வையுங்கள். நான் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் இன்றே புகார் கொடுக்கிறேன்.