கையில்லாத கவுனுக்குக் கை: தைப்பதா, மாட்டுவதா, மேலே போடுவதா?

கடையில் கிடைக்கும் வெள்ளைக் கல்யாண கவுன்களில் தோள்பட்டையே இல்லாதவை ஏராளம். கல்யாணம் நடத்தி வைக்கும் சர்ச்சின் பங்குச் சாமியாரோ, கோவிலுக்குள் தோளும் கையும் மூடியிருக்க வேண்டும் என்பார். சில பங்குகளில் அரைக்கை போதும், சில இடங்களில் முழங்கை தாண்ட வேண்டும். கல்யாணத்தைக் கோவிலில் பதிய, அதாவது ஓலை எழுதப் போகும்போதே இதைக் கேட்டுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். கவுன் சொந்தமா வாடகையா என்பதில் மீதிப் பாதி தீர்ந்துவிடும்.

வாடகை கவுன் என்றால் கத்தரிக்கோலுக்கு வேலையில்லை. இரண்டே வழிதான். ஒன்று, மேலே போட்டுக்கொள்ளும் பொலீரோ, அதாவது இடுப்புக்கு மேலேயே நின்றுவிடும் குட்டி ஜாக்கெட். இன்னொன்று, கவுனுக்கு உள்ளே போடும் முழுக்கை நெட் பிளவுஸ்.

பலரும் முதலில் பொலீரோவைத்தான் தேடுகிறார்கள். பூசை முடிந்ததும் கழற்றிவிட்டு ரிசப்ஷனுக்குப் போய்விடலாம் என்பது நியாயமான ஆசைதான். ஆனால் தவக்காலத்தில் பெரும்பாலும் கல்யாணம் வைப்பதில்லை என்பதால் ஈஸ்டர் முடிந்ததும் ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் தேதிகள் குவிகின்றன. தூத்துக்குடி வெயிலில், லைனிங் போட்ட கவுனுக்கு மேல் லைனிங் போட்ட சாட்டின் ஜாக்கெட் போட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பொலீரோதான் வேண்டும் என்றால் லைனிங் இல்லாத லேஸில் எடுங்கள். நிறத்தையும் கடையின் டியூப்லைட்டில் பார்க்காமல் வாசலில் வெயிலில் வைத்துப் பாருங்கள். தூய வெள்ளைக்குப் பக்கத்தில் ஐவரி துணி சாயம் மங்கிய பழசு போலத் தெரியும்.

உள் பிளவுஸ் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. எனக்கென்னவோ வாடகை கவுனுக்கு இதுதான் மேல் என்று படுகிறது. இழுபடும் நெட்டில் தைத்தால் கையோடு ஒட்டி நிற்கும், கவுனில் ஒரு தையல்கூட விழாது. ஒரே ஒரு விஷயம், இதைச் சேலை ஜாக்கெட் நீளத்துக்குத் தைக்கக் கூடாது. கையைத் தூக்கும்போது மேலே ஏறி மார்பு விளிம்பில் சுருக்கம் விழுந்துவிடும். இடுப்புக்குக் கீழே நன்றாக இறங்கினால்தான், மேலே இறுக்கிப் பிடிக்கும் கவுன் அதை நகரவிடாது.

சொந்தக் கவுன் என்றால் கதை வேறு. இப்போது எல்லோரும் கேட்பது கழற்றி மாட்டும் கை. கவுனின் மேல் விளிம்பில், உள்பக்கம் டிச் பட்டனோ ஹூக்கோ வைத்து, கையைத் தனியாகத் தைத்து மாட்டுவது. போட்டோவில் அருமையாக இருக்கும். ஆனால் தோள்பட்டை இல்லாத கவுனை நிறுத்துவது இடுப்பின் பிடியும் உள்ளே தைத்திருக்கும் பிளாஸ்டிக் கம்பிகளும்தான். அந்த மெல்லிய விளிம்பில் கையின் பாரத்தைத் தொங்கவிட்டால், கையைத் தூக்கும்போது மார்புப் பகுதி சேர்ந்து ஏறும், இறக்கினால் சரியும். முழங்காலில் நின்று எழும்போதும், பெரியவர்களைக் கட்டிப்பிடிக்கும்போதும் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அதிலும் தோளுக்குக் கீழே இறங்கி நிற்கும் பஃப் கை வாங்கினால் கேட்ட காரியமே நடக்காது. கை மூடியிருக்கும், தோள் திறந்திருக்கும். சாமியார் சொன்னது இரண்டையும்.

என் ஓட்டு நிரந்தரமாகத் தைப்பதற்கு. அதுவும் கையை மட்டும் ஒட்டுவது இல்லை. முதலில் தோள், அப்புறம் கை. மார்பு விளிம்பிலிருந்து கழுத்து வரை முன்னும் பின்னும் நெட்டில் ஒரு மேல்பகுதி கட்டி, அதில் கைக்குழி வெட்டி, கையை அங்கே ஏற்றுவது. அப்போது பாரம் தோளில் உட்காரும், விளிம்பு அசையாது. 2011இல் பிரிட்டன் இளவரசர் வில்லியமைக் கைப்பிடித்த கேட் போட்டிருந்த, சாரா பர்ட்டன் வடிவமைத்த முழுக்கை லேஸ் கவுனின் படத்தைக் காட்டி ‘இது மாதிரி’ என்று கேட்பவர்கள் உண்டு. அது முதலிலிருந்தே அப்படித் தைத்த கவுன். நாம் பிறகு சேர்ப்பதால் சேர்மானம் தெரியத்தான் செய்யும். லேஸை நேர்க்கோட்டில் வெட்டாமல், பூவும் இலையும் போகும் வழியே வெட்டி, சேர்மானத்தின் மேல் படியவைத்துக் கையால் தைத்தால் அது மறைந்துவிடும். மெஷினில் ஒரே ஓட்டாக ஓட்டிவிடுகிறேன் என்று சொல்லும் மாஸ்டரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

நெட்டின் நிறம் அடுத்த தலைவலி. ‘ஸ்கின் கலர்’ என்று கடையில் எடுத்துப்போடுவது பெரும்பாலும் இளம் ரோஸ் நிறத்தில்தான் இருக்கும். அது யாருடைய தோலோ, நம்முடையது இல்லை. துண்டை முன்கையில் போட்டு வெளிச்சத்தில் பாருங்கள். நைலான் நெட் என்றால் டீ டிகாஷனில் முக்கி நிறத்தைக் கூட்டலாம், பாலியஸ்டரில் அது பிடிக்காது. எதுவானாலும் ஒரு துண்டில் சோதித்த பிறகுதான். பொருந்துகிற நிறமே கிடைக்காவிட்டால் கவுன் நிறத்திலேயே நெட் போட்டுவிடலாம், அது ஒன்றும் குறைச்சல் இல்லை.

நம் ஊர்க் கல்யாணத்துக்கே உரிய ஒரு சங்கதி, தாலி. கவுன் போட்டாலும் தாலி உண்டு. நெட்டைக் கழுத்துவரை ஏற்றி, பின்னால் வரிசையாகப் பட்டன் வைத்துவிட்டால், மாப்பிள்ளை முடிச்சுப் போடுமிடத்தில் நெட்டும் நூலும் சிக்கிக்கொள்ளும். மேலே, தலையிலிருந்து தொங்கும் முக்காட்டுத் துணியான வெய்ல் வேறு. பின்கழுத்தை ஒரு இரண்டு அங்குலம் இறக்கி வெட்டச் சொல்லுங்கள்.

கையின் அளவை முழங்கையை மடக்கிவைத்து எடுக்க வேண்டும். நீட்டிவைத்து எடுத்தால் மோதிரம் மாற்றும்போது மணிக்கட்டுக்கு மேலே ஏறிவிடும். இழுபடாத நெட் என்றால் மேல்கையில் ஒன்றரை, இரண்டு அங்குலம் தளர்ச்சி வேண்டும். அக்குளில் சின்னதாக ஒரு வைர வடிவத் துண்டு சேர்த்தால் கை தாராளமாக மேலே போகும்.

இந்த வழியில் குறை என்றால் நேரமும் கூலியும்தான், அப்புறம் ரிசப்ஷனில் கழற்ற முடியாது. கட்டாயம் கழற்றத்தான் வேண்டும் என்பவர்கள் நெட் மேல்பகுதியையும் கையையும் ஒரே துண்டாக உள் பிளவுஸாகத் தைத்துக்கொள்ளட்டும், சொந்தக் கவுனாக இருந்தாலும்.

எந்த வழியில் போனாலும் கவுனை உடம்பு அளவுக்குப் பிடித்துத் தைக்கும் வேலை முதலில் முடியட்டும். பிறகு பக்கவாட்டில் பிடித்தால் கைக்குழி இடம் மாறிவிடும். உயரம் குறைக்கும்போது அடியில் வெட்டும் துணியை மாஸ்டரிடமிருந்து கேட்டு வாங்கி வையுங்கள். அதே நிறத் துணி வெளியில் கிடைப்பது கஷ்டம், மணிக்கட்டுப் பட்டிக்கும் பட்டன் மூடவும் அது போதும்.